அகலத்துக்கு நீல ரிப்பன்

"இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல சென்டிமீட்டர்ங்கற வார்த்தை யார் வாயிலேர்ந்தும் வரக்கூடாது!"

அப்பா இந்த ஆணையைச் செருப்பு ரேக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு பிறப்பித்தார். வேறு எங்கே உட்காருவார்? வாசலுக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த நடையை அந்த ரேக்தான் முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. அவரே செய்தது. அன்று காலையில்தான் வார்னிஷ் காய்ந்தது.

"எவ்வளவு அகலம் கேட்டே?" என்றார்.

"நாப்பது" என்றாள் அம்மா.

"எவ்வளவு அகலம் செஞ்சேன்?"

"நாப்பது."

"அப்புறம் என்ன குத்தம் கண்டுட்டே?"

"நான் கேட்டது நாப்பது சென்டிமீட்டருங்க. நீங்க செஞ்சிருக்கறது நாப்பது இன்ச்."

"சென்டிமீட்டர்னு நீ சொல்லலையே!"

"இன்ச்சான்னு நீங்க கேக்கலையே!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் சண்டை இந்த இடத்துக்கு வந்தால் என்னைப் பார்ப்பது வழக்கம்.

"நூத்தியொரு சென்டிமீட்டர். புள்ளி ஆறை விட்டுட்டேன்" என்றேன்.

"கேட்டீங்களா? மூணு பேர் செருப்புக்கு நூத்தியொண்ணு. ஒரு கால்பந்து டீமையே கூப்பிடலாம்."

"விருந்தாளி வந்தா வேணாமா?"

"விருந்தாளி எப்படிங்க வருவாங்க? அதான் வழியை அடைச்சாச்சே!"

இப்போது நான் வேறு ஊரில், ஒரு கடைக்கு மேலே வாடகை அறையில் இருக்கிறேன். இங்கே அளவுக்காக யாரும் சண்டை போடுவதில்லை. ரொம்ப அமைதியாக இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் ஆனால் காது தானாக ரம்பச் சத்தத்தைத் தேடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

என்னைப் பற்றி இரண்டு வரி போதும். படிப்பு எனக்கு ஏறவில்லை. விட்டுவிட்டேன். ஒரு ஹார்டுவேர் கடையில் கவுண்டரில் நின்றேன். பள்ளிக்கூடத்தில் கற்றதில் எனக்கு உபயோகப்பட்டது ஒன்றே ஒன்று. ஒரு இன்ச்சுக்கு இரண்டு புள்ளி ஐந்து நாலு சென்டிமீட்டர். மற்றதெல்லாம் சுத்த வேஸ்ட்.

கடையில் வந்து பார்த்தால் உலகமே எங்கள் வீடு மாதிரிதான் இருந்தது. பிளைவுட் பலகையை நீள அகலத்துக்கு அடிக் கணக்கில் கேட்பார்கள், எட்டுக்கு நாலு. அதே பலகையின் கனத்தைக் கேட்கும்போது பத்தொன்பது எம்எம் என்பார்கள். ஒரே பலகை, ஒரே வாய், ஒரே மூச்சு. குழாய் இன்ச்சில் போகும், அதை மாட்ட ஓட்டை போடும் டிரில் பிட் எம்எம்மில் போகும். நான் கேட்டால் முதலாளி, "அது அப்படித்தாம்மா" என்பார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

அப்பா அச்சகத்தில் மெஷின் ஃபிட்டர். அங்கே இருந்த பழைய மெஷின்களின் நட்டெல்லாம் இன்ச்சில்தான் இருக்கும். பதினாறு வயசில் ஸ்பேனர் பிடித்தவர். அவருக்கு இன்ச் ஓர் அளவு இல்லை, தாய்மொழி. ஒரு இன்ச்சில் எட்டு நூல் என்பார். "ரெண்டடி மூணு இன்ச் அஞ்சு நூல்" என்று அவர் சொல்லும்போது குரல் குழையும். அம்மாவிடம் பேசும்போதுகூட அப்படிக் குழைந்து நான் கேட்டதில்லை.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தாள். அங்கே எல்லாம் சென்டிமீட்டர். அதன் பிறகு வீட்டிலேயே தையல். "நூலுன்னா தைக்கறதுங்க, அளக்கறது இல்லை" என்று அப்பாவைச் சீண்டுவாள்.

எங்கள் வீட்டு இரும்பு டேப்பில் மேல் விளிம்பில் இன்ச், கீழ் விளிம்பில் சென்டிமீட்டர். அப்பா மேலே படிப்பார், அம்மா கீழே படிப்பாள். அந்த டேப்பில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே இடம் பூஜ்யம்.

சரி, கதைக்கு வருகிறேன். கதை செருப்பு ரேக்கைப் பற்றியது இல்லை. பின்பக்க அறையைப் பற்றியது.

எங்கள் வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அந்த அறையில்தான். பெரிய ஜன்னல். அதில் அப்பா பட்டறை வைத்திருந்தார். சுவரோடு ஒரு வேலை மேஜை, அதில் பலகையை இறுக்கிப் பிடிக்க ஒரு இரும்பு வைஸ், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் ரம்பங்கள், உளிகள், மூலையில் என்றைக்காவது உபயோகப்படும் என்று சேர்த்து வைத்த பலகைத் துண்டுகள். என்றைக்காவது என்ற அந்த நாள் நான் பார்த்தவரை வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் உள்ளே போய்விடுவார். பென்சில் காதில், ரேடியோ ஜன்னலில். மரத்தூளும் பசையும் கலந்த வாசனை வீடு முழுக்க வரும்.

அம்மா எங்கே வேலை பார்த்தாள்? நடையில். மிஷின் ஹால் மூலையில், துணி வெட்டுவது நடைத் தரையில். மண்டி போட்டு, குனிந்து, ஊர்ந்து வெட்டுவாள். நானும் அப்பாவும் அவளைத் தாண்டித்தான் போகணும். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் நிற்பாள். நான் பார்த்திருக்கிறேன். அந்த வருஷம் ஒரு ஆஸ்பத்திரியின் திரைச்சீலை வேலை முழுக்க அவளுக்கு வந்திருந்தது. வாங்கிவிட்டாள். எங்கே விரித்து வெட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ரேக்கை நீளவாக்கில் சுவரோரம் திருப்பிப் போட்டுச் சண்டை ஓய்ந்த அன்று சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்தப் பின்பக்க ரூமை எனக்குக் குடுங்களேன்."

"எந்த ரூமை?"

"நம்ம வீட்டுல எத்தனை பின்பக்கம் இருக்கு?"

"பட்டறையையா கேக்கறே?" அப்பா நெஞ்சில் கை வைத்தார். "இந்தாம்மா, கிட்னியைக் கேளு, ரெண்டு இருக்கு, ஒண்ணு குடுக்கறேன். பட்டறை ஒண்ணுதான் இருக்கு."

"வாரத்துல ஒரு நாள்தானே போறீங்க?"

"மத்த ஆறு நாளும் அதை நினைச்சுக்கிட்டு இருக்கேன்ல!"

"இடுப்பு விட்டுப்போகுதுங்க."

அப்பா செய்தித்தாளைப் புரட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் காது கேட்காது. எனக்குக் கோபமாக வந்தது. "குடுத்தா என்னப்பா?" என்றேன். "பெரியவங்க பேசறப்போ நீ போய் உன் எம்எம்மைப் பாரு" என்றார்.

அம்மா என்னைக் கண்ணால் அடக்கினாள். "சரி விடுங்க. ரூம் வேணாம். நின்னுக்கிட்டே துணி வெட்டற மாதிரி ஒரு மேஜையாவது செஞ்சு குடுப்பீங்களா?"

அப்பா முகம் பிரகாசமாகிவிட்டது. ரூமைக் கேட்டவள் மேஜைக்கு இறங்கிவிட்டாள். வெற்றி!

"மேஜையா? ராஜா மாதிரி மேஜை செஞ்சு தரேன். அளவு சொல்லு. இன்ச்சுல சொல்லு."

"எனக்கு இன்ச் வராது."

"எனக்குச் சென்டிமீட்டர் ஆகாது."

"அப்ப ரெண்டும் வேணாம்" என்றாள் அம்மா. எழுந்து போய் மூன்று ரிப்பன் துண்டுகளை எடுத்து வந்தாள். அவளே வெட்டியது, நுனியில் நெருப்பு காட்டிப் பிரியாமல் செய்திருந்தாள். "சிவப்பு நீளம். நீலம் அகலம். மஞ்சள் உயரம். இந்த ரிப்பன் எவ்வளவோ அவ்வளவு பலகை வெட்டுங்க. நம்பரே வேணாம். நம்பர் இருந்தாத்தானே சண்டை?"

அப்பா ரிப்பன்களை வாங்கிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்துப் பிடித்தார்.

"ரெண்டும் ஒரே அளவா இருக்கே. அப்புறம் எதுக்கு ரெண்டு கலர்?"

"உங்களுக்குக் குழப்பம் வந்துடக் கூடாதேன்னுதான்."

"எனக்கா? குழப்பமா?" என்று சிரித்தார். "ஆனா யோசனை நல்லாத்தான் இருக்கு. சுத்தமா இருக்கு. எங்க முதல் மேஸ்திரிகூட இப்படித்தான், குச்சியில கீறல் போட்டுக் குடுப்பார். அது வேலை!"

"ஒரே ஒரு கண்டிஷன். நடுவுல டேப்பை எடுக்கக் கூடாது. எடுத்தா நீங்க மேல் பக்கம் படிப்பீங்க, நான் கீழ்ப் பக்கம் படிப்பேன், மறுபடி ஆரம்பிச்சுடும்."

"டேப்பைத் தொட்டா என்னை ஏன்னு கேளு!"

இரும்பு டேப்பை அம்மாவிடமே கொடுத்துவிட்டார். ராஜா வாளை ஒப்படைக்கிற மாதிரி, இரண்டு கையாலும் நீட்டி.

அப்புறம் இன்னும் இரண்டு விஷயம் கேட்டாள். மேஜைக்குக் கால் வேண்டாம், கீழே துணி அடுக்க மூன்று பக்கமும் மூடிய அலமாரி மாதிரி வேண்டும். ஆணியோ ஸ்குரூவோ எங்கேயும் இருக்கக் கூடாது. துணி மாட்டிக்கொண்டு கிழியும்.

"ஆணியா? என் வேலையிலா?" அப்பாவுக்கு ரோஷம் வந்தது. "பல்லு வெட்டிப் பசை போட்டு இறுக்கினா, யானை வந்து இழுத்தாலும் பிரியாது!"

"பிரியவே பிரியாதா?"

"பிரியாது!"

"நிச்சயமா?"

"எழுதி வச்சுக்கோ!"

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அவளுக்கு ரொம்பத் திருப்தி.

அந்த வேலை நடந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் கண்ணைக் கசக்கிக்கொள்கிறேன். அழுகை எல்லாம் இல்லை. தூசியாக இருக்கும். மழைக்காலம். அப்பா ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் தினமும் அச்சகத்திலிருந்து நேராகப் பட்டறைக்குள் போய்விடுவார். கடையில் இருந்து பலகையை நான்தான் டிரை சைக்கிளில் ஏற்றி அனுப்புவேன். வீட்டுக்கு வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன். அம்மா தேநீர் எடுத்துக்கொண்டு வருவாள். வைத்துவிட்டுப் போகிறவள் இல்லை அவள் அப்போது, பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து பொத்தான் தைப்பாள். ஜன்னலில் ரேடியோ கரகரக்கும். கல்யாணமான புதிதில் ஒற்றை அறையில் இருந்தது, அப்பா முதன்முதலில் செய்த முக்காலி, அதன் ஒரு கால் குட்டையாகிப் போனது, அதைச் சரிசெய்ய மற்ற காலை அறுத்து, அது குட்டையாகி, மறுபடி இதை அறுத்து, கடைசியில் முக்காலி பலகையாகவே ஆகிவிட்டது, எல்லாம் பேசுவார்கள்.

"அதுல உக்காந்துதானே ஒரு வருஷம் சாப்பிட்டே?" என்பார் அப்பா.

"உக்காந்தேனோ என்னவோ. தரையில உக்காந்தாலும் அதுல உக்காந்தாலும் வித்தியாசமே தெரியலை" என்பாள் அம்மா.

இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். எனக்கு அதற்கு முன்னால் அவர்கள் சேர்ந்து சிரித்தது அவ்வளவாக ஞாபகம் இல்லை. ஒரு சண்டைகூட இல்லை. நம்பர் இல்லையே!

ஒரு நாள் நானே கேட்டேன். "அப்பா, மேஜை எவ்வளவு அகலம்?"

"நீல ரிப்பன் அளவு."

"அது எவ்வளவு?"

"நீல ரிப்பன் எவ்வளவோ அவ்வளவு."

"சும்மா ஒரு கணக்குக்குக் கேக்கறேன்பா."

"வாக்கு குடுத்திருக்கேன்டி. கண்ணாலகூட அளக்க மாட்டேன்."

உண்மையிலேயே அளக்கவில்லை. தெருவில் போகிற ஆளைப் பார்த்தே அஞ்சடி ஏழு இன்ச் என்று சொல்கிற மனுஷன், தன் கண்ணையே கட்டிப்போட்டுக்கொண்டு வேலை செய்தார். தனித்தனிப் பலகையாக வெட்டி, இழைத்து, பல் வெட்டி, சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துப் பசை போட்டு, பிரியாமல் இறுக்கக் கிளாம்ப் மாட்டினார். மறுநாள் கிளாம்பைக் கழற்றியபோது நடு அறையில் அது நின்றது. நிஜமாகவே ராஜா மாதிரி. மேல் பலகையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி.

பார்ப்பதற்குப் பக்கத்து வீட்டு டிரைவர் மாமா வந்தார். லாரி ஓட்டுகிறவர். அம்மாவைத் தங்கச்சி என்பார், அதனால் அப்பா அவருக்கு மாப்பிள்ளை. எவ்வளவு குறுகலான சந்திலும் லாரியைத் திருப்பிவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிற ஆள்.

"மாப்ளே, பிரமாதம்! வாங்க, ஹாலுக்குக் கொண்டு போயிடலாம். நான் சைடு சொல்றேன்."

அப்பா ஒரு முனை, நானும் டிரைவர் மாமாவின் மகனும் மறுமுனை. மாமா கதவுக்கு வெளியே நின்று கையை ஆட்டினார்.

"வா வா வா வா... வரட்டும்... ரைட்ல ஒடி... இன்னும் ஒடி... ஹோல்டேய்!"

மேஜை நிலையில் இடித்து நின்றது.

"நேரா வராது. சாய்ச்சு வா."

சாய்த்தோம். இடித்தது. அகலமும் உயரமும் ஒரே அளவு. எப்படிப் படுக்க வைத்தாலும் அதே மேஜைதான்.

"நட்டமா நிறுத்தி வா."

நிறுத்தினோம். இப்போது மேலே உத்தரத்தில் தட்டியது, பக்கத்திலும் இடித்தது. லாபம் இரண்டு இடி.

"கதவைக் கழட்டுங்க."

கழற்றினோம். ஒரு விரல் இடம் கூடியது. வேண்டியது ஒரு சாண்.

அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இரு, இரு. எங்கேயோ இடிக்குது. டேப்பை எடு."

அம்மா தயாராகக் கையில் வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள். அப்பா கதவு நிலையை அளந்தார். "இருபத்தொம்பது இன்ச்." மேஜையை அளந்தார். டேப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். மறுபடி அளந்தார்.

"முப்பத்தஞ்சு இன்ச் மூணரை நூல்."

 ரேடியோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தது.

"அது தொண்ணூறு சென்டிமீட்டர்" என்றேன். "கரெக்டா."

"எனக்கு நின்னு வெட்ட அதுதாங்க வசதி" என்றாள் அம்மா. "கம்பெனியில அதே அளவுதான்."

"முப்பத்தஞ்சரைன்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தேன்னா, இது கதவுல போகாதுன்னு நான் அங்கேயே சொல்லியிருப்பேனே!"

"எனக்குத்தான் இன்ச் வராதே."

"கதவை அளந்தியா நீ? உண்மையைச் சொல்லு."

"நான் எதுக்குங்க கதவை அளக்கப் போறேன்? கதவுக்கா சட்டை தைக்கறேன்?"

டிரைவர் மாமா உதவி செய்ய நினைத்தார். "ஜன்னல் வழியா?"

"கம்பி இருக்கு."

"அப்ப நடுவுல ஒரு அறுப்பு போட்டு, ரெண்டா எடுத்துட்டுப் போய் அங்க ஒட்டிக்கலாமே?"

"யோவ்! உன் லாரியை நடுவுல அறுத்து ரெண்டா ஓட்டுவியா நீ?" என்று கத்தினாலும் அப்பாவின் கை ஆணியிலிருந்த ரம்பத்தை எடுத்துவிட்டது.

அம்மா மேஜையின் மேல் பலகையை உள்ளங்கையால் ஒரு முறை தடவினாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும், மெதுவாக.

"அறுக்கவெல்லாம் வேணாம்ண்ணே. அவர் கையால செஞ்சதுலேயே இதுதான் அழகு" என்றாள்.

அவ்வளவுதான். அப்பா கையில் இருந்த ரம்பம் தானாக ஆணிக்குப் போய்விட்டது. அதைப் பாராட்டு என்று சொல்வதா, பூட்டு என்று சொல்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவள் மனசார சொன்னாள் என்பது மட்டும் தெரியும்.

"ஹாலுக்குன்னுதானே செஞ்சேன்..." என்றார் அப்பா, பாவமாக.

"ஹால்ல போடப்போறேன்னு நான் எப்பங்க சொன்னேன்? பரவாயில்லை, இங்கேயே இருக்கட்டும். நீங்க ஒரு வழி கண்டுபிடிக்கற வரைக்கும் நான் இங்கே வந்து வெட்டிக்கறேன்."

முதலில் கத்தரிக்கோல் வந்தது. அப்புறம் துணி. துணி வந்ததும் மரத்தூள் படியக் கூடாது என்று ஆனது, அதனால் ரம்பம் வெளியே போனது. வெட்டின துணியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு நடப்பது சிரமம் என்று தையல் மிஷின் வந்தது. மிஷினுக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும், ஜன்னலோரம் வைஸ் இருந்தது, வைஸ் வெளியே போனது. யாரும் சண்டை போடவில்லை. ஒவ்வொன்றும் ரொம்ப நியாயமாக இருந்தது. கடைசியில் ஒரு நாள் நான் கடையிலிருந்து வந்தபோது, அம்மா மண்டி போட்ட அதே நடையில் அப்பா செருப்பு ரேக்கின் மேல் வைஸை மாட்டிக்கொண்டு, ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போனேன்.

"ரேக் நல்ல உயரம்ல?" என்றார்.

"ரொம்ப நல்ல உயரம்பா."

உள்ளே அம்மா நின்றுகொண்டு திரைச்சீலை வெட்டிக்கொண்டிருந்தாள். நேராக நின்றுகொண்டு. இடுப்பில் கை இல்லை. ரேடியோவில் பாட்டை மாற்றியிருந்தாள்.

ஆனால் அப்பா தோற்றுவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவருக்குள் ஒரு இன்ச் மிச்சம் இருந்தது. ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவே தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"கதவை உடைக்கப் போறேன்!"

"எந்தக் கதவை?"

"பட்டறைக் கதவை. நிலையை எடுத்து, சுவரை இடிச்சு, அகலமா ஒரு கதவு போடறேன். மேஜையை வெளியே எடுக்கறேன். ஹால்ல போடறேன். என் ரூமுக்கு நான் போறேன்!"

அம்மா பதறிப்போனாள். "ஐயோ, எதுக்குங்க இந்த வீண் வேலை? தூசி பறக்கும், துணியெல்லாம் பாழாகும்."

"மூடி வை."

"சுவர் விழுந்துடுமோ என்னவோ."

"மேல உத்தரம் குடுத்துட்டுத்தான் இடிப்பேன். நான் என்ன சின்னப் பையனா?"

"உங்களால முடியுமாங்க இந்த வயசுல?"

அது போதும். மறுநாளே சுத்தியல் வாடகைக்கு வந்தது. இரண்டு நாள் லீவு வேறு போட்டார். அம்மா ஒவ்வொரு முறை வேண்டாம் என்று சொன்னபோதும் ஒரு செங்கல் கூடுதலாக விழுந்தது. புது நிலைக்குக் கட்டை அறுக்கும்போது அம்மா வந்து நின்றாள்.

"எடுக்கறதுதான் எடுக்கறீங்க, தாராளமா எடுத்துடுங்க. மறுபடி இடிச்சுக்கிட்டு நிக்கப்போகுது."

"மூணரை அடி! நாப்பத்திரண்டு இன்ச்! மேஜை என்ன, மேஜையோட நீயே ஏறி உக்காந்து போகலாம்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அது எவ்வளவுடி?"

"நூத்தியாறு. சொச்சம் இருக்கு."

"போதும்" என்றாள்.

"எதுக்கும்மா போதும்?"

"காத்து வர்றதுக்கு."

நான் உண்மையாகவே காற்று என்றுதான் நினைத்தேன். என்னைச் சொல்லி என்ன? இரண்டு புள்ளி ஐந்து நாலு தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

கதவு முடிந்தது. சொல்லக் கூடாது, நல்ல கதவு. வார்னிஷ் காய்ந்த ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வந்தார். டிரைவர் மாமாவையும் கூப்பிட்டாகிவிட்டது. மாமா கதவுக்கு வெளியே போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார். ஹாலில் சோபாவை நகர்த்தி மேஜைக்கு இடம் பண்ணியிருந்தேன். அப்பா கையில் எச்சிலைத் தடவிக்கொண்டு மேஜையின் முனையைப் பிடித்தார்.

"வா வா வா..." என்று ஆரம்பித்தார் மாமா.

வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது.

இரண்டு பேர் இறங்கினார்கள். பின்னால் பிளாஸ்டிக் சுற்றிய பெரிய உருப்படி ஒன்று, அலமாரியும் இல்லை, அடுப்பும் இல்லை, மேலே வரிசையாக ஊசிகள். அம்மாவின் பழைய கம்பெனியில் இருந்த எம்ப்ராய்டரி மிஷின். புதுசு வாங்கினதால் பழசை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அம்மா கதவருகே வந்து நின்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், அதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

வந்தவர்களில் பெரியவர் நேராகப் பின்பக்கம் வந்தார். யாரிடமும் வழி கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்துப் புதுக் கதவை அளந்தார். கீழ் விளிம்பைத்தான் படித்தார்.

"நூத்தியாறு. தாராளமா போகும்க்கா" என்றார்.

அப்பா மேஜையை விட்டுவிட்டார். "ஒரு நிமிஷம்பா. இது எப்ப முடிவாச்சு?"

"மிஷினா சார்? அது மழைக்கு முன்னாடியே ரெடி. கதவு அகலமாகட்டும்னுதான் இத்தனை நாள் கோடவுன்லயே வச்சிருந்தோம்."

"மழைக்கு முன்னாடியா? கதவை அகலமாக்கணும்னு எனக்குத் தோணினதே போன மாசம்தானே!"

அவர் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஆமா சார், அக்கா அப்பவே சொன்னாங்க, 'அவருக்கு இன்னும் தோணலை, கொஞ்சம் பொறுங்க'ன்னு."